ஓரத்துப் பால்குழாய்

அந்த மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளை 'ஓரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் இளையவர்கள் 'ஓரம் அக்கா' என்பார்கள். பெயர் வைத்தவர் கத்திக்காரர். மெழுகில் புதைத்த திசுவைத் தலைமுடியின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடிச் சில்லின் மேல் ஒட்ட வைப்பது அவருடைய வேலை.

பெயருக்குக் காரணம் உண்டு. அறுவை அறையிலிருந்து வந்த மார்பகத்தை மேசையில் வைத்து, எந்தத் துண்டை மெழுகில் புதைப்பது என்று டாக்டர் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். "ஓரமும் கொஞ்சம் சேர்த்து எடுங்க டாக்டர்" என்பாள். ஓரம் என்பது கட்டியை ஒட்டியிருக்கும் நல்ல சதை. ஒரு நாளில் நான்கு மார்பகம் வந்தால் நான்கு தடவை சொல்வாள். டாக்டர் தலையாட்டினாலும் சொல்வாள், ஏற்கெனவே எடுத்துவிட்டாலும் சொல்வாள்.

"கல்யாண போட்டோவுல கூட இவ பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு ஓரத்துல நிக்கிறவங்களத்தான் பார்ப்பா போல" என்றார் கத்திக்காரர் ஒருநாள்.

"ஆமா அண்ணே. பொண்ணு மூஞ்சிக்குத்தான் ஏகப்பட்ட பூச்சு பூசியிருப்பாங்களே. ஓரத்துல நிக்கிற நம்ம மூஞ்சி நம்ம மூஞ்சி மாதிரி இருந்தாத்தான் கேமரா சரியா எடுத்திருக்குன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து ஓரம்.

கூடம் தரைத் தளத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகைக்கு எதிரே இருந்தது. இரண்டு அறைகள். முன் அறையில் ஜாடிகள் வந்து சேரும் நீள மேசையும், வந்த நேரம் எழுதும் பெரிய பதிவேடும். பின் அறையில் கத்திக்காரரின் இயந்திரம், சாயத் தொட்டிகள், பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று, கூடவே ஒரு பிரஷர் குக்கர். கெடாமல் காக்கும் ஃபார்மலின் மருந்தில் கிடந்து இறுகிய திசுவை அந்தக் குக்கரில் வேக வைத்தால்தான் சாயம் பிடிக்கும். வால்விலிருந்து ஆவி சீராக வரத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் வைப்பாள். மூன்றரை நிமிடம் என்றால் சீவல் கழன்று மிதந்துவிடும். ஆவிச் சத்தம் கேட்டதும் பக்கத்து ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்காத நாள் இல்லை. "உனக்குப் பிடிக்காததுதான்" என்பது அவளுடைய மாறாத பதில்.

அந்தச் சாயம் போடும் வேலைக்கு அவள் வந்து பதினேழு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஐந்து வருடம் ரத்தப் பிரிவு. புதிய சாய முறை வந்தபோது நான்கு மணி நேரம் நின்றுகொண்டே செய்ய வேண்டும் என்பதால் யாரும் முன்வரவில்லை. "எனக்கு உட்கார்ந்தாத்தான் தூக்கம் வரும், நிக்கிறேன்" என்று வந்து நின்றவள்தான். முதல் நாளிலிருந்து தான் சாயமிட்ட சில்லுகளை எண்ணி ஒரு நீல நோட்டில் எழுதி வந்தாள். இங்கே சொல்லப்போகும் வாரத்தின் தொடக்கத்தில் அந்த எண் 31,216.

அவள் தேடியது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்பகத்தில் பால்குழாய்களின் உட்சுவரில் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ரத்தத்தோடு வரும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் 'வளர்' என்று சொன்னால், அதை வாங்கிக்கொள்ள செல்லின் உட்கருவில் ஒரு பொருள் வேண்டும். அதற்கு ஏற்பி என்று பெயர். நல்ல மார்பகத்தில் எல்லாச் செல்லிலும் ஏற்பி இருக்காது. பத்தில் ஒன்று, இரண்டு, சிலரிடம் மூன்று. நோய்பட்ட மார்பகத்தில் கதை வேறு. பெரும்பாலான கட்டிகளில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் ஏற்பியை வைத்துக்கொண்டு ஹார்மோனின் சொல்லைக் கேட்டே வளரும். அவர்களுக்கு அந்தச் சொல்லை எட்டவிடாமல் தடுக்கும் மாத்திரை உண்டு. தினம் ஒன்று, ஐந்து வருடம். மிச்சக் கட்டிகளில் ஏற்பியே இருக்காது. அவற்றிடம் அந்த மாத்திரை பலிக்காது. இது எந்த வகை என்று சொல்வதுதான் அவளுடைய சாயம். ஏற்பி உள்ள உட்கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தன் பாணியில் புரிந்துகொண்டார்.

"அப்ப ஹார்மோன்ங்கிறது விரல். ஏற்பிங்கிறது பட்டன். மாத்திரைங்கிறது பட்டன் மேல ஒட்டுற தகடு. சரியா?"

"சரி."

"பட்டனே இல்லாம தானா மேலயும் கீழயும் ஓடுற லிஃப்ட் இருந்தா?"

"அதுதான் ஏற்பி இல்லாத கட்டி."

"அய்யோ, அது பொல்லாத கேஸு. மெயின் சுவிட்சை இறக்கினாத்தான் நிக்கும். மொத்தக் கட்டிடமும் இருட்டாயிடும்."

"அதுதாங்க கீமோ" என்றாள் அவள்.

பத்தாவது படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், "இந்த வீட்ல சாப்பிடும்போது மனுஷங்க பேசுற விஷயமே பேச மாட்டீங்களா?" என்றாள்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் அவள்தான் இருந்தாள். வழக்கமாக அங்கே இருக்கும் பெண்ணுக்குப் பல்வலி. வெளியே காவலாளி யாரையோ விரட்டும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட வேன் ஒன்று ஆம்புலன்ஸ் வரும் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"ரெண்டே நிமிஷம்ப்பா! ரெண்டு நிமிஷத்துல எந்த உசுரும் போயிடாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் உள்ளே வந்தார். ஐம்பத்தாறு வயது என்று படிவத்தில் இருந்தது. கையில் வேன் சாவி. இடது தோளை மட்டும் கொஞ்சம் ஒடுக்கி நடந்தார். அறுவை முடிந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"அதுக்குள்ள வண்டி ஓட்டுறீங்களா?"

"நான் ஓட்டலம்மா. தம்பி ஓட்டுறான். சாவி மட்டும் என் கையில. நம்ம வண்டி சாவிய இன்னொருத்தர் பையில போட்டா எனக்கு மனசு கேக்காது." அவர் உறையைப் பிரித்து, புரிந்த வரைக்கும் படித்தார். "ஏற்பி இல்லைன்னு போட்டிருக்கு. ஏதோ ஒண்ணு இல்லைன்னாவது வந்துச்சே! நல்லதுதானே?"

ரிப்போர்ட்டைப் பற்றி நோயாளியிடம் வாய் திறக்கக்கூடாது என்பது கூடத்தின் விதி. "டாக்டர் சொல்வாருங்க" என்றாள்.

"திங்கக்கிழமை பார்க்கச் சொல்லியிருக்காங்க. இது இல்லைன்னு வந்தா வர்ற வியாழக்கிழமையே ஊசி மருந்து ஆரம்பிச்சுடுவோம்னு சொன்னாங்க. ஆறு மாசம் வண்டில ஏறக்கூடாதாம். முடி போறதப் பத்திக் கவலை இல்ல. இருபத்திரண்டு பிள்ளைங்க, எவன் எங்க வாந்தி எடுப்பான்னு எனக்குத்தான் தெரியும். தம்பிக்கு என்ன தெரியும்?" வெளியே ஹாரன் அடித்தது. "வந்துட்டேன்டா!" என்று கத்திக்கொண்டே போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாரத்தின் சில்லுகளைத் தட்டுகளில் அடுக்கி அலமாரிக்கு அனுப்பும் நாள். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் பழைய மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுக்குவது அவளுடைய பழக்கம். யாரும் செய்யச் சொன்னதில்லை. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வேன்காரம்மாவின் சில்லு வந்தது. முழுக்க நீலம். ஆனால் கட்டி சாதுவான கட்டி. செல்கள் ஒழுங்காக, சின்னச் சின்ன வளையங்களாக, பால்குழாயாக இருந்த நினைப்பு இன்னும் போகாதவை போல நின்றன. இப்படிப்பட்ட கட்டி நீலமாக வந்து அவள் அபூர்வமாகவே பார்த்திருக்கிறாள். சரி, அபூர்வம் என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. அதே சில்லில் சாயத்தைச் சோதிக்க 'கண்ட்ரோல்' என்று ஒட்டியிருந்த இன்னொருவரின் பழைய திசு அழகாகப் பழுப்பாகியிருந்தது. சாயத்தில் குறையில்லை, குக்கரில் குறையில்லை.

சில்லை நகர்த்தி நல்ல சதையைத் தேடினாள். இல்லை. இந்தத் துண்டை டாக்டர் எடுத்தபோது அவள் பின் அறையில் சாயத்தில் இருந்தாள். ஓரம் கேட்க ஆளில்லை. கட்டி மட்டும் நிறைய இருந்தது. வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போனாள். கண்ணாடியின் வலது மேல் மூலையில், சீவலின் கடைசி விளிம்பில், ஒரே ஒரு நல்ல பால்குழாய் பாதி வெட்டுப்பட்டு நின்றது. எண்ணினாள். நாற்பத்தொரு செல். நாற்பத்தொன்றும் நீலம்.

மறுபடி எண்ணினாள். கட்டி நீலமாக இருக்கலாம். நல்ல குழாய் ஒன்று பழுப்புச் செல்லே இல்லாமல் நின்றால் எதையும் நம்ப முடியாது. பார்ப்பது குழாய் ஒன்றுதான், அதுவே தீர்ப்பும் ஆகாது. ஆனால் சோதனைத் திசு வேறொருவருடையது, வேறொரு நாள் பதப்படுத்தியது. இந்த மார்பகத்துக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது இந்த மார்பகத்திலேயே பிறந்த இந்தக் குழாய்தான்.

முன் அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். அறுவை முடிந்தது சனிக்கிழமை மதியம் இரண்டு இருபது. கூடம் சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடும். ஜாடி வந்து சேர்ந்தது திங்கள் காலை ஒன்பது பத்து. குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி: 'முழுதாக வந்தது. வெட்டப்படவில்லை. நடுவில் இன்னும் இளஞ்சிவப்பு.'

கையெழுத்து அவளுடையது.

ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் உள்ளே இறங்கும். அதனால்தான் மார்பகத்தை ரொட்டி போலக் கீறிவிட்டு ஊற வைக்க வேண்டும் என்பது. அறுவை அறையில் ஜாடியில் போட்டு, மருந்தை ஊற்றி, மூடியைத் திருகி, வேலை முடிந்தது என்று வைத்துவிட்டார்கள். கட்டி நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. மருந்து வந்து சேர்வதற்குள் ஏற்பிகள் அழிந்திருக்கும். திங்கட்கிழமை ஜாடியைத் திறந்து கீறியவள் அவள். நடுவில் சதை பச்சையாக இருந்ததைப் பார்த்தவளும் அவள். அழகாக எழுதி வைத்திருந்தாள். ஆனால் அந்தப் பதிவேடு முன் அறை மேசையை விட்டு நகராது. டாக்டர் அதைப் பார்ப்பதே இல்லை.

டாக்டரின் அறைக்குள் அவள் போனபோது மணி பத்து ஐம்பது. அவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஒரு நாளைக்கு அறுபது ரிப்போர்ட் பார்ப்பவர். இருபத்தாறு வருடத்தில் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை இரண்டே தடவை திரும்பப் பெற்றவர். அந்த இரண்டும் அவருக்கு இன்றும் நாள், கிழமையோடு நினைவிருக்கும்.

"டாக்டர், இந்தச் சில்லை மறுபடி ஒரு தடவை பார்க்கணும்."

"நேத்தே ரிப்போர்ட் போயாச்சேம்மா."

"போயாச்சு. என் கையாலதான் குடுத்தேன்."

"கண்ட்ரோல் வேலை செஞ்சுதுல்ல?"

"செஞ்சுது. ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? நீங்களே போட்ட சாயம். உங்க சாயத்தை நீங்களே நம்பலையா?"

"என் சாயத்தை நம்புறேன் டாக்டர். அது கிடந்த ஜாடியத்தான் நம்பல. வலது மேல் மூலை. கடைசி விளிம்பு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த தேநீரில் ஆடை படிந்தது.

"ஒண்ணு கூடவா இல்ல?" என்றார் கடைசியில்.

"நாற்பத்தொண்ணுல ஒண்ணு கூட இல்ல."

"ஓரம் எங்க? ஏன் ஓரம் எடுக்கல?" என்று கேட்டுவிட்டு, எடுத்தது தான்தான் என்பது நினைவுக்கு வர, நிறுத்திக்கொண்டார்.

அவள் பதிவேட்டைத் திறந்தபடி மேசையில் வைத்தாள். அவர் படித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எழுதி வச்சிருக்கீங்க. எனக்குச் சொன்னீங்களா?"

"இல்ல டாக்டர்."

"எழுதி வச்சா ஆச்சா? இதை யார் வந்து படிப்பாங்கன்னு எழுதினீங்க?"

பதினேழு வருடமாகத் தன்னைப் பற்றி அவள் பெருமையாக நினைத்திருந்ததே அதைத்தான். எதையும் எழுதாமல் விட்டதில்லை என்பதை. கண் கலங்கியது. ஆனால் நகரவில்லை. "அதைப் பத்தி அப்புறம் திட்டுங்க டாக்டர். வர்ற வியாழக்கிழமை அந்தம்மாவுக்கு மருந்து ஏத்தப் போறாங்க. அதுக்குள்ள என்ன செய்யலாம்?"

மிச்சமிருந்த இரண்டு மெழுகுக் கட்டிகளும் அதே ஆழத்திலிருந்து எடுத்தவை, அவற்றால் பயனில்லை. ஆறு வாரத்துக்கு முன் நோயைக் கண்டுபிடிக்க ஊசியால் எடுத்த மெல்லிய இழைகள் நகரின் மறுகோடியில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தன. அங்கே ஏற்பிச் சோதனை கிடையாது என்பதால் புற்றுநோய் என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்கள். இழை மெல்லியது, ஃபார்மலின் உடனே ஊடுருவியிருக்கும். அந்த மெழுகுக் கட்டி வேண்டும். அதை வாங்க நோயாளியின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டும் என்றால் நோயாளியிடம் சொல்ல வேண்டும்.

"நான் போன் பண்றேன்" என்றார் டாக்டர். நோயாளியோடு பேசி அவருக்குப் பழக்கமில்லை. அவர் பேசுவதெல்லாம் சில்லுகளோடுதான். எண்ணை அழுத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க ரிப்போர்ட்ல ஒரு சந்தேகம் இருக்கு. சோதனை சரியா அமையல. எங்க பக்கத் தப்பு" என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்து, கையெழுத்துக்கு வரச் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அவர் மேல் இருந்த மரியாதை அன்று ஒரு படி கூடியது.

பன்னிரண்டரைக்கு வேன் வந்து, மறுபடி அதே வழியை மறித்து நின்றது. வேன்காரம்மா கையெழுத்தைப் போட்டார். "இதக் கொண்டுபோயி எப்ப வாங்குவீங்க?"

"பஸ்ல போயிட்டு நாலு மணிக்குள்ள வந்துடுவேன்."

"பஸ்ஸா? ஏறும்மா."

ஓட்டியது தம்பி. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் வேன்காரம்மா. பின்னால் குழந்தைகளுக்கான குட்டி இருக்கையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க அவள் உட்கார்ந்தாள். பாதி வழியில், சிக்னலில் நின்றபோது சொல்லிவிட்டாள்.

"உங்க ஜாடி வந்தப்ப உள்ள சரியில்லைன்னு நான்தான் பார்த்தேன். எழுதி வச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

சிக்னல் மாறி, அடுத்த சிக்னலும் வந்தது.

"ஒரு தடவை பிரேக் சரியில்லைன்னு நானும் வண்டி நோட்டுல எழுதி வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார் வேன்காரம்மா. "காலைல வேற டிரைவர் வந்து எடுத்துட்டான். நோட்டப் பார்க்கல."

"அப்புறம்?"

"மரத்துல போய் நின்னுச்சு. பிள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னாடி, நல்ல வேளை. எழுதி வச்சிருந்தேனேன்னு எல்லார்கிட்டயும் நோட்டத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தரும் தப்பு சொல்லல. எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கல." பிறகு தம்பியிடம், "டேய், பிரேக்குன்னதும் என் மூஞ்சியப் பார்க்காத, ரோட்டப் பாரு" என்றார்.

சின்னக் கூடத்தில் ஒரு இளைஞர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "லெட்டர வச்சுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும்" என்றார்.

"பத்து நாளா? என்ன தம்பி, எடுத்துத் தர்றதுக்கா, இல்ல வளர்த்துத் தர்றதுக்கா?" என்றார் வேன்காரம்மா. "அது என் சதைப்பா. என் சதை, என் கையெழுத்து, வாசல்ல என் வண்டி. இருபத்திரண்டு பிள்ளைங்க மூணு மணிக்கு ஸ்கூல் வாசல்ல நிக்கும். நீ எடுத்துக் குடுக்கிறவரைக்கும் நான் இங்கதான். லேட்டானா அத்தனை பேரையும் கூட்டிட்டு இங்கயே வந்துடுவேன்."

பதினொரு நிமிடத்தில் மெழுகுக் கட்டி கிடைத்தது. கட்டைவிரல் நகம் அளவு மெழுகு; அதற்குள் மூன்று வெளிறிய இழைகள். அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கத்திக்காரர் கத்தியை மாற்றினார். புதுக் கத்தி. சீவுவதற்கு முன் அவளைப் பார்த்தார். அன்று அவர் நையாண்டி எதுவும் செய்யவில்லை. "ஓரம் இருக்கான்னு பார்த்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"இரண்டாவது இழை நுனியில கொஞ்சம் இருக்கற மாதிரி தெரியுது அண்ணே. அதை விட்டுடாதீங்க."

குக்கரில் மூன்று நிமிடம். பிறகு ஆறவிட்டு, கழுவி, மருந்துகளை ஒவ்வொன்றாக ஊற்றி, கடைசியில் பழுப்புத் துளியை விட்டாள். பன்னிரண்டு நாற்பதுக்குச் சில்லு காய்ந்தது. அவள் அதை முதலில் பார்க்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீங்க பார்க்கலயா?"

"நீங்க பாருங்க டாக்டர்."

அவர் குனிந்தார். முதலில் இரண்டாவது இழையின் நுனிக்குத்தான் போனார் என்பது அவர் விரல் திருகிய திசையிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. நுனியில் நல்ல குழாய் ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு, இடையில் நீலம். அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் பிறகே கட்டிக்கு வந்தார். "வந்து பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

கட்டி முழுவதும் பழுப்பு. மழை நனைத்த மண் போல, இடைவெளியே இல்லாமல்.

திங்கள் காலை எட்டரைக்குத் திருத்திய ரிப்போர்ட் தயாரானது: ஏற்பி உண்டு, தொண்ணூற்றைந்து சதவீதம். காரணம் எழுதும் இடத்தில், 'அறுவைத் திசு சரியாகப் பதப்படவில்லை' என்று டாக்டர் முடித்திருந்தார்.

"பெற்றுக்கொண்டபோதே தெரிந்தது, தெரிவிக்கப்படவில்லைன்னும் சேர்த்துக்கங்க டாக்டர்."

"அது எதுக்கும்மா? யார் கேக்கப் போறாங்க?"

"நடந்தது அதுதானே?"

அவர் எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரியையும் தானாகவே எழுதினார்: 'பரிசோதித்த துண்டில் நல்ல திசு போதிய அளவு எடுக்கப்படவில்லை. இது என் தவறு.' பிறகு கையெழுத்துப் போட்டார். அவருடைய கணக்கில் மூன்றாவது.

வியாழக்கிழமைக்குக் குறித்திருந்த ஊசி மருந்து நிறுத்தப்பட்டது. கட்டி சிறியது, சாது, அக்குளுக்குப் பரவவில்லை. மாத்திரையே போதும் என்று புற்றுநோய் டாக்டர் முடிவு செய்தார். நாலாவது வாரம் வேன்காரம்மா ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்பினார் என்பதைக் காவலாளி வந்து சொன்னார்; அன்று ஆம்புலன்ஸ் வழி மறுபடி மறிக்கப்பட்டிருந்தது.

கூடத்தில் எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். கத்திக்காரர் தன் செலவில் கேக் வாங்கி வந்து, வெட்டும்போது, "ஓரத் துண்டு அவளுக்கு" என்றார். இனிமேல் வெட்டப்படாத மார்பகம் வந்தால் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும், டாக்டரிடம் வாயால் சொல்ல வேண்டும், சனிக்கிழமை அறுவை இருந்தால் கூடத்தில் ஒருவர் மூன்று மணி வரை இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் சனிக்கிழமைக்கு அவளே பெயர் கொடுத்தாள்.

கேக்கின் ஓரத்தைத் தின்றுவிட்டு அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னோக்கிப் புரட்டினாள். தன் கையெழுத்தில் எத்தனை இடத்தில் 'வெட்டப்படவில்லை' என்று இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"எதுக்கு இப்ப பழசக் கிளறுற?" என்றார் கத்திக்காரர். "நல்லபடியா முடிஞ்சுதுல்ல?"

"ஒருத்தருக்குத்தானே அண்ணே முடிஞ்சுது."

ஏழு வருடத்துப் பக்கங்கள். அதற்கு முந்தையவை கட்டிடத்தின் வேறு பகுதியில் மூட்டையாக இருந்தன. அவற்றையும் பிறகு கேட்டு வாங்கினாள். இந்த ஏழு வருடத்தில் பதினான்கு பேர். பதினான்கில் பத்துப் பேருக்கு ஏற்பி உண்டு என்றே ரிப்போர்ட் போயிருந்தது. அவர்களுக்கு மாத்திரை கிடைத்திருக்கும். நான்கு பேருக்கு இல்லை என்று போயிருந்தது. நான்கு சில்லுகளையும் அலமாரியிலிருந்து எடுத்து டாக்டரோடு உட்கார்ந்து பார்த்தாள். மூன்றில் ஓரம் இருந்தது. நல்ல குழாய்கள் பழுப்புப் புள்ளி காட்டின. அந்த ரிப்போர்ட்டுகள் சரி. நான்காவதில் ஓரத்துக் குழாய் மூன்று, மூன்றும் நீலம். ஆனால் அந்தப் பெண்ணின் இன்னொரு மெழுகுக் கட்டி, ஃபார்மலின் சீக்கிரம் எட்டிய மேற்புறத்திலிருந்து எடுத்தது. அதில் சாயமிட்டபோது பாதிக்கு மேல் பழுப்பாகியது. ரிப்போர்ட் போய் ஒரு வருடம் பதினொரு மாதம். இன்னும் தாமதமாகிவிடவில்லை, மாத்திரை தொடங்கலாம் என்றார் புற்றுநோய் டாக்டர், ஆளைக் கண்டுபிடித்தால்.

படிவத்தில் இருந்த எண் செயல்பாட்டில் இல்லை. வீடு மாறியிருந்தார்கள். பழைய வீட்டுக்காரரிடமிருந்து ஒரு மைத்துனரின் எண், மைத்துனரிடமிருந்து அந்தப் பெண்ணின் எண் என்று நான்கு நாள் ஆனது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு டாக்டர் தன் அறைக் கதவைச் சாத்தினார். "நீங்க பேசுங்கம்மா. நான் பேசினா அவங்க பயந்துடுவாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார்.

அவள் எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம்மா, நான் ஆஸ்பத்திரில இருந்து பேசுறேன்..."

"இன்சூரன்ஸ்லாம் வேண்டாம்மா" என்று ஒரு குரல் சொல்லி வைத்துவிட்டது.

மறுபடி அழுத்தினாள்.

"அம்மா, வைக்காதீங்க, உங்க உடம்பு விஷயமா..."

"செக்கப் ஆஃபரும் வேண்டாம். இதோட முப்பது பேர் கூப்பிட்டாச்சு." வைத்துவிட்டது.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது தடவை அழுத்தினாள். எடுத்ததும், எதிர்க்குரல் தொடங்குவதற்குள் பேசினாள்.

"அம்மா, நான் எதையும் விக்கல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இடது மார்புல உங்களுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அதுல ஒரு சின்னத் துண்டு இன்னும் என் அலமாரியில பத்திரமா இருக்கு. அன்னைக்கு அதைப் பத்தி உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டோம். சரியானதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள்.

"சொல்லுங்க" என்றது அந்தக் குரல்.